கஞ்சியில் புரட்டிய பயறு

தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு நேரே என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: ‘பயறு விதைப்பு. மச்சான் கஞ்சி காய்ச்சினான்.’

மச்சான் என் மனைவியின் தம்பி. கம்மாபுரம் பக்கம் இருந்த அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு குவைத்தில் ஏழு வருடம் வண்டி ஓட்டினான். திரும்பி வந்ததும் கீரை வளர்க்கச் சிதம்பரத்தில் எங்கள் மாடி அறையைக் கேட்டான். நான்கு அடுக்கு இரும்பு ரேக், ஊதா விளக்குகள், கீழே ஒரு தொட்டி, அதிலிருந்து தண்ணீரை மேலேற்ற ஒரு சின்ன மோட்டார். மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள்தான். மேல் மூன்று அடுக்கில் சிறுகீரையும் பாலக்கும் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. அடித்தட்டில் பச்சைப்பயறு போட்டால் அதன் வேர் காற்றிலிருந்து சத்தைப் பிடிக்கும், அதே தண்ணீர் கீரைக்கும் போகும் என்று அவன் நம்பினான்.

அண்ணாமலை நகரில் விடுதி மெஸ் நடத்தும் ஒருவர், பங்குனி முடியும்வரை செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் கீரை வந்தால் எப்போதைக்குமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் தவறினாலும் வேறு ஆள். அப்படி ஆனால் குவைத்துக்கே போய்விடுவதாக மச்சான் சொல்லிவிட்டான்.

விதைப்பன்று அவன் அப்பா செய்த மாதிரியே செய்தான். ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொட்டலத்தைக் கரைத்து, பயறைப் புரட்டி, நிழலில் உலர்த்தினான். முறம் பிடித்தது நான்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு புத்தகத்தில் படித்தேன்: சுற்றி ஓடும் தண்ணீரில் கஞ்சிப்பசை சேர்ந்தால் நொதித்து வேரை மூச்சடைக்கும். நோட்டில் எழுதி வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மாடிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். கீழேயிருந்து பத்தொன்பது படி, ஒவ்வொரு வாளியாக. அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு முறை தூக்கியிருந்தேன். முழங்கால் போதும் என்றது.

எட்டாம் நாள் நாற்றம் கீழ்வீடு வரை இறங்கியது. தொட்டியில் வழவழவென்று வெள்ளைப் படலம், மோட்டார் அடைத்துக்கொண்டிருந்தது, கீரை அத்தனையும் தலை சாய்ந்து கிடந்தது.

“கீர வளக்கறேன்னு ரெண்டு பேரும் மாடியில சாராய ஊறல் போட்டுட்டீங்களா?” என்றாள் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை. மெஸ்ஸுக்குக் கீரை போகவில்லை.

விதைத்து எத்தனை நாள் என்று பார்க்க மச்சான் என் நோட்டைப் புரட்டினான். மூன்றாம் நாள் நான் எழுதியிருந்த பக்கத்தில் அவன் விரல் நின்றது.

“எழுதத் தெரிஞ்சிச்சி, சொல்லத் தெரியலியா மாமா?”

தண்ணீர் தூக்க வேண்டுமே என்று இருந்தது என்றேன்.

அவன் கோபப்படவில்லை. தொட்டிக்குள் கையை விட்டுப் படலத்தை வழித்துக்கொண்டே சொன்னான்: “எங்கப்பா போட்ட கஞ்சி மாமா. நெலத்துல ஊத்துனா மண்ணு தின்னுடும். இங்க யாரு திம்பா?”

மெஸ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பங்குனியில் மச்சானுக்கு விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் தட்டுகளையெல்லாம் தேய்த்துக் கழுவி, மீதிப் பயறை என்னிடம் கொடுத்தான். “கஞ்சி வேணாம். வெறும் வெதையா போடுங்க. எதாச்சும் ஆச்சின்னா நோட்ல எழுதாதீங்க, போன் பண்ணுங்க.”

அடித்தட்டில் பயறும் மேலே பாலக் நாற்றும் போட்டிருக்கிறேன். இன்று பதினோராம் நாள். காலையில் பாலக் இலைகளின் ஓரம் மஞ்சளாகத் தெரிந்தது. புதுத் தண்ணீருக்கு வாளியோடு இறங்கி, ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குவைத்தில் அவனுக்கு வேலை நேரம். இருந்தாலும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாளி சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்றதும் மறுபடி போட்டேன்.