வினாத்தாளுக்கு முன் ஒரு வாகைமரம்

கோமதிநாயகம் போய்விட்டார் என்று அவருடைய மகன் திங்கட்கிழமை காலை தொலைபேசியில் சொன்னான். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அவரை அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள். மதியம் ஜன்னலோரம் தாளும் தூரிகையுமாக உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். ஐம்பதுகளில் சங்கரன்கோவிலில் பள்ளி இறுதி வகுப்புப் படித்தபோது நாங்கள் ஒரே வாடகை அறையில் இருந்தோம். அந்த நாட்களை எழுதும்போது ‘அவன்’ என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் படிப்பவன். ஆனால் கணக்குத் தாளைக் கண்டால் கை நடுங்கும், தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். அரையாண்டில் அப்படித்தான் தோற்றான். அதன் பிறகு, பள்ளி விட்டு வந்ததும் குளக்கரையில் உட்கார்ந்து எதிரே தெரிவதை வரையத் தொடங்கினான். டாக்கீஸ்காரர்கள் வண்டியிலிருந்து வீசும் நோட்டீஸின் பின்பக்கம்தான் தாள். சலவை நீலம், மஞ்சள்தூள், செம்மண், இவைதான் வர்ணம். விளக்கேற்றும் நேரம் வந்தால் எழுந்து வந்து புத்தகத்தைத் திறப்பான்.

ஒருநாள் நானும் வரைந்து பார்த்தேன். மரம் மாடு போல வந்தது. சிரித்தான்.

"நல்லா வரணும்னு நினைக்காதலே. அங்கன நிக்குத மரத்தை மட்டும் பாரு. மனசு தானா அடங்கும்."

முழுப்பரீட்சை நெருங்கியபோது, ராயகிரியிலிருந்து அரிசி கொண்டுவந்த அவன் அண்ணன் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, படிக்க வந்தியா, வெள்ளையடிக்க வந்தியா?"

"படிக்கத்தாண்ணே இதைச் செய்யுதேன்."

"செய்யி, செய்யி. பெயிலானா ஏரைப் புடிச்சுக்கிட்டே நம்ம மாடு ரெண்டையும் வரையலாம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இன்னொரு வருடம் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

கணக்குப் பரீட்சையன்று பக்கத்து வரிசையில் இருந்தான். தாள் கைக்கு வந்ததும் பேனா ஆடியது. அதைக் கீழே வைத்துவிட்டு, வெளியே நின்ற வாகைமரத்தைப் பார்த்தபடி மேசைமேல் விரலால் அதன் கிளைகளை வரைந்தான். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் வந்து, "என்ன வே, தூக்கமா?" என்றார்.

"இல்ல சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கடைசிக் கிளையையும் முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தான். மணியடிக்கும்வரை நிமிரவில்லை.

தேறிவிட்டான். அண்ணன் பஸ் ஏறி வந்து எங்களுக்கு மிட்டாய் வாங்கித் தந்து, "இனி இவன் ஊருக்கே வெள்ளையடிக்கட்டும்" என்றார்.

பிற்காலத்தில் நான் கணக்கு ஆசிரியன் ஆனேன். வினாத்தாள் கொடுக்குமுன் பிள்ளைகளைச் சற்று நேரம் வெளியே நிற்கும் வேம்பைப் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலிலேயே நின்று, "என்ன சார், பரீட்சை நேரத்துல பிள்ளைகள் வேடிக்கை பாக்குது?" என்றார்.

"கணக்கு போடுதாங்க ஐயா" என்றேன்.

பயமில்லாமல் அப்படிச் சொல்ல முடிந்ததே, அதுதான் கோமதிநாயகம் எனக்குத் தந்தது.