டெய்சி சுவரில் ஒட்டிய கடிதங்கள்

டெய்சி என்ற பெயரைப் பாக்கியவதி முதன்முதலில் கேட்டது ஊரிகம் ஸ்டேஷனில். வண்டியை விட்டு இறங்கியதுமே ஏனோக்கின் அப்பாவான அவள் அண்ணன் சொன்னார்: "நம்ம ஏனோக்குக்குப் பொண்ணு பாத்தாச்சு. பேரு டெய்சி. படம் வரையுமாம்."

"சோறு வடிக்குமா?" என்று கேட்டாள் பாக்கியவதி.

வடித்தாள், வரைந்தாள், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகவும் ஆனாள். அவளுடைய தாய்மாமன் ஸ்டீவன், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இதே லைனில் பிறந்தவர். வெளிநாடு போய், கறுப்பை மட்டுமே பூசிப் படம் போட்டுப் பேர் வாங்கினார். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், வகுப்பில் நடந்ததையெல்லாம் டெய்சிக்கு எழுதுவார். முதல் நாள் பென்சில் கொடுக்காதே. கண்ணைக் கட்டிக் கையில் ஒரு கல்லைக் கொடு. பிறகு அதன் கனத்தை வரையச் சொல். மாம்பழம் வரையச் சொன்னால் அத்தனை பேரும் ஒரே மாம்பழத்தைத்தான் வரைவார்கள். டெய்சி அப்படியே நடத்தினாள்.

ஒரு கோடையில், தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி கிளம்பி, டெய்சியின் கைக்குழந்தை இருமி இருமித் துவண்டது. மூங்கில் தட்டிச் சுவரின் இடுக்குகளை அடைக்க வீட்டிலிருந்த காகிதமெல்லாம் போயிற்று. கடைசியில் மாமாவின் கடிதங்களையும் மைதாப் பசை தடவி ஒட்டினாள். சமைக்கும்போது படிக்கலாமென்று எழுத்து வெளியே தெரியும்படிதான் ஒட்டினாள். ஆனால் கிறிஸ்துமஸ் வந்தால் அந்த லைனில் சுண்ணாம்பு அடிக்காத வீடு கிடையாது. ஏனோக்கும் வருஷம் தவறாமல் கடிதங்களின் மேலேயே அடித்தான்.

போன வருஷம் மாமா இறந்தார். பள்ளிக்குப் புது மேனேஜர் வந்தார். அச்சடித்த படச் சார்ட்டை மாட்டி, அதைப் பார்த்து வரைய வையுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார். ஏனோக் மைன்ஸ் தூசியில் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டவன். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"சார்ட்ட மாட்டிட்டுப் போயேன்டி," என்றாள் பாக்கியவதி.

"ஒரு வாரம் மாட்டினேன் அத்தை. பசங்க மூஞ்சியப் பாக்க முடியல."

மாமாவைப் பற்றிப் புத்தகம் எழுத ராதிகா என்றொரு பெண் பெங்களூரிலிருந்து வந்தாள். டெய்சியின் வேலைச் சங்கடத்தையும் கேட்டுக்கொண்டாள். "லெட்டர்ஸ் காட்டுங்க மேடம். அதக் காட்டி, நீங்க நடத்துற பாடம் விளையாட்டு இல்லன்னு உங்க மேனேஜர்கிட்ட நானே பேசறேன்."

டெய்சி சுவரைக் காட்டினாள்.

பாக்கியவதியும் சேர்ந்து மூன்று பேரும் ஈரத் துணியால் ஒற்றினார்கள். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்தது. கூடவே மையும் காகிதமும் கூழாகி வந்தன. டெய்சி நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"விட்ருடி, போதும்."

"இரு அத்தை. இந்த மூலைலதான் கல்லு பாடம் இருக்குது."

மூங்கில்தான் தெரிந்தது. முழுசாக மிஞ்சியது ஒரே வரி: இங்கே நல்ல கருவாடு கிடைப்பதில்லை.

அதை எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் வாசித்துப் பார்த்தார். "கருவாட்டப் பத்தி எழுதியிருக்காரு. பாடம் எங்க?"

டெய்சி நின்றபடியே மாமாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக மனப்பாடமாகச் சொன்னாள். மேனேஜர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. எழுத்துல இருக்கா?"

ராதிகா எவ்வளவோ பேசினாள். அந்த மாதத்தோடு வேலை போயிற்று.

டெய்சி இப்போது மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலை வண்டி ஏறிப் பெங்களூர் போகிறாள். அங்கே ஓர் அபார்ட்மெண்டில் வீடு கூட்டித் துடைக்கிறாள்.