ஃபிளாப்பியில் இருந்த தேதி

இலுப்பூரில் நான் டைப்பிங் கடை நடத்திய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதே கடையில் இப்போது பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கொடுக்கிறேன். போன சித்திரையில் ஒரு விவசாயி அந்தப் பழையதைத் தேடி வந்தார். கையில் வளைகிற மாதிரியான பெரிய ஃபிளாப்பி. அதில் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து.

அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோது, குடும்பத்துப் பொதுக் கிணற்றில் எந்த மகன் எத்தனை நாள் மோட்டார் ஓட்டுவது என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். டைப் செய்து கொடுத்தவள் நான். தாளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது அண்ணன் தம்பிக்குள் தகராறு. அண்ணன் தனக்கு வாரத்தில் நான்கு நாள் என்கிறார். வந்தவர் தம்பி, தனக்கு ஐந்து நாள் என்றார். ஃபிளாப்பி அப்பாவின் பெட்டியில் கிடந்ததாம்.

என்ன டைப் செய்தேன் என்பது எனக்குத் துளியும் நினைவில்லை.

கம்ப்யூட்டர் ஓடியது. ஃபிளாப்பி டிரைவ் ஓடவில்லை. திறந்து பார்த்தேன். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு உள்ளே பச்சை பிடித்துக் கிடந்தது. ஃபிளாப்பியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார் தம்பி.

புதுக்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் வேறு கார்டு கிடைத்தது. நல்லா ஓடும் என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னேன். அதற்கு இங்கே மெஷின் இல்லை என்றார். பஸ்ஸில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் யாரோ புதிதாகப் பற்றவைத்திருந்தார்கள்.

நான்காம் நாள் இருவரும் வந்தார்கள். அண்ணனுக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை, என் தோளுக்குப் பின்னால் நின்றார். கார்டைச் செருகி, முதலில் வேண்டாத ஃபிளாப்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கார்டு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். திருப்பி மாட்டியதும் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. அவர்களுடைய ஃபிளாப்பியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டுப் படித்தது.

தம்பிக்கு நான்கு நாள். அண்ணனுக்கு மூன்று.

அண்ணன் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதியைக் காட்டினார். எண்பதாம் வருடம், ஜனவரி ஒன்று.

“எண்பதுல கெணறே வெட்டலையேம்மா.”

உள்ளே கடிகார பேட்டரி செத்துப்போனால் இந்தக் கம்ப்யூட்டர் அந்தத் தேதியைத்தான் போடும், அன்றைக்கும் பேட்டரி செத்துத்தான் கிடந்திருக்கும் என்றேன். நம்பவில்லை. அவர் கண் முன்னாலேயே புதிதாக ஒரு வரி அடித்துச் சேமித்துக் காட்டினேன். அதற்கும் எண்பது, ஜனவரி ஒன்று. நிரூபித்துவிட்ட நிம்மதியில் நிமிர்ந்தேன்.

“அப்ப நேத்து அடிச்சிருந்தாலும் இதே தேதிதான வரும்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“மூணு நாளா ஒங்ககிட்டதான கெடந்துச்சு.”

“கார்டே இல்லாம டிரைவ் எப்படிண்ணே ஓடும்?”

“ஓடலைன்னு நீங்கதான சொல்றீங்க.”

அவர் படியிறங்கிப் போனதும் தம்பி குரலைத் தாழ்த்தி, அண்ணன் இடையில் இங்கிட்டு வந்தாரா என்று கேட்டார். வரவில்லை என்றேன். தலையை ஆட்டினார், நம்பினார் என்று சொல்ல முடியாது. நடந்ததையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “நீ ஒண்ணும் மாத்தலையே?” என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

அடுத்த மாதமே தம்பி தன் பக்கத்தில் தனியாக போர்வெல் போட்டுக்கொண்டார். கிணறு ஏழு நாளும் அண்ணனுக்கு என்றானது. ஆவணியில் அண்ணனே பட்டா மாறுதலுக்கு என் கடைக்கு வந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்று, நான் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். நானும் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த எழுத்தை அடித்தேன்.