தானாக முழிப்பு வந்த காலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதிலும் கம்பெனியில் யாராவது, "லீவுல எங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், சுர்ரென்று ஏறும். எங்கே போவேன்? அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருப்பேன், அங்கே மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்திருப்பேன். சாவுக்குப் போயிருப்பேன், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டிருப்பேன். திருப்பதிக்குப் போனாலும் புளிசாதம் கட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, வீடு திரும்பியதும் அத்தனை பேர் துணியையும் நான்தான் துவைத்திருப்பேன். இதற்குப் பெயர் லீவா? அதற்குத் தையல் மிஷினே தேவலை என்று திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், பழைய அடுக்குக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நாலு வீட்டுக்கு ஒரு அடிபம்பு. விடிவதற்கு முன்னால் தண்ணீர் வரும். வெளிச்சம் நன்றாகப் பரவுவதற்குள் நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு வீடு முதல் முறை. முதல் முறைக்காரர்தான் எழுந்து, பம்பை அடித்துப் பார்த்து, தண்ணீர் ஏறியதும் மற்ற மூன்று கதவுகளையும் தட்டவேண்டும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வதெல்லாம் எங்களிடம் செல்லாது. குடத்துக்குப் பின்னால் ஆள் நிற்கவேண்டும். ஆள் இல்லாத குடத்துக்குத் தண்ணீர் இல்லை. யார் போட்ட சட்டமோ தெரியாது. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோதே இருந்தது.

அதனால் நான் படுப்பது தூங்குவதற்காக அல்ல, எழுந்திருப்பதற்காக. கண் மூடினாலும் காது மூடாது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தடதடவென்று போனால் எனக்கு ஒன்றும் ஆகாது, புரண்டுகூடப் படுக்கமாட்டேன். பம்பு கைப்பிடி லேசாக 'கிர்ர்' என்றால் போதும், எழுந்து உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் தண்ணீர் பிடிக்க அவரை நம்ப முடியாது. அவரும் அதை ரொம்ப சவுகரியமாக எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "யம்மா, நாம மூணு பேரும் ஏலகிரி போறோம். ரூம் போட்டுட்டேன்" என்றாள்.

"அங்க இன்னாடி கீது?"

"ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் போறோம். நீ ஒரு நாளு தானா முயிச்சுக்கணும். அலாரம் இல்லாம, யாரும் கதவு தட்டாம. நா பொறந்ததுலேர்ந்து நீ தூங்கி நா பாத்ததே இல்லம்மா. கல்யாணமாயி போறதுக்கு முன்னாடி அத்த ஒரு தபா பாத்துட்டுப் போயிர்றேன்."

பெண் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? நகை கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தம் போட்டேன். "போயிட்டா தண்ணி யாரு புடிக்கிறது? ஒங்கப்பனா?"

கேள்வி நியாயமானதுதான். எனக்காக நிற்கக்கூடிய ஒரே ஆள் எதிர்வீட்டு அக்கா. தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. புருஷன் இல்லை, மகன் அம்பத்தூர் பக்கம் தனியாகப் போய்விட்டான். மாவரைக்க, அவிக்க, பாத்திரம் கழுவ, அக்காவுக்கு எல்லாரையும்விடத் தண்ணீர் அதிகம் வேண்டும். அதனால்தான் எங்களுக்குள் சண்டையே. என் முறையில் அது கூடுதலாக ஒரு டிரம் அடித்துக்கொண்டது என்று நான் கத்த, "ஒன் ஆட்டம் இன்னா அவ்ளோ பெருசா?" என்று அது கத்த, நான் அதன் குடத்தைக் காலால் உருட்டிவிட, பிளாக்கே எழுந்து வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடிப்போம், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

என் மகள் என்னிடம் சொல்லாமலே போய்க் கேட்டிருக்கிறாள். அக்கா கரண்டியை வைக்காமலே பதில் சொல்லியிருக்கிறது: "போவ சொல்லு. ஒங்கம்மாவுக்காவ இல்ல, ஒனக்காவ. ஆளு இல்லாத கொடத்துக்கு நா நிக்கிறேன். எவ கேக்குறான்னு பாக்குறேன்."

பெரம்பூரில் ரயில் ஏறினோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ்ஸில் மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் என் வீட்டுக்காரர் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். லாட்ஜ் சின்னதுதான், ஆனால் சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பலா மரம். எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மேசைமேல் கரி படியும். அங்கே மேசையைத் துடைத்தாலும் கை சுத்தமாகவே இருந்தது. மகள் என் போனை வாங்கி அலாரத்தை எடுத்துவிட்டாள். "நாளிக்கி நீயா எய்ந்துக்கிற வரிக்கும் யாரும் ஒன்ன தொட மாட்டோம்" என்றாள். சரி என்று படுத்தேன்.

விடிவதற்கு முன்னால் சுவருக்குள் 'கடகட' என்று ஒரு சத்தம். குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம்.

அவ்வளவுதான். நான் எங்கே இருக்கிறேன், எந்த ஊர், எதுவும் மண்டையில் ஏறவில்லை. பாய்ந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது, அடிக்காமலே கொட்டியது. இரண்டு வாளியும் நிரப்பினேன். மக்கில் நிரப்பினேன். நாங்கள் கொண்டுபோன பாட்டில்கள், டீ வைக்கிற கெட்டில், மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளர்கள், எல்லாம் தளும்பத் தளும்ப. குப்பைக் கூடை புதிதாகத்தான் இருந்தது, அதையும் கழுவி அதிலும் பிடித்துவிட்டேன். இன்னும் ஏதாவது பாத்திரம் கிடைக்குமா என்று அலமாரியைத் திறந்தபோது லைட் எரிந்தது.

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே, மலைக்கி வந்தும் தண்ணி புடிக்கிறியா? வுட்டா ஏரிய மொண்டு எட்த்துகினு வந்துருவ போல கீதே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வாசல் ஓரத்தில் நின்று, வரிசையாக வைத்திருந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"யம்மா, இங்க கூடவா?" என்றாள்.

பகல் முழுக்க அந்த முகம் என்னை அறுத்தது. ஏரியில் படகில் போனோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம், எதிலும் மனசு ஒட்டவில்லை. பாழாய்ப்போன காது, அதை எங்கே கழற்றி வைப்பது? இன்னும் ஒரே ஒரு காலைதான் பாக்கி. அதையும் கெடுத்துவிட்டால், அவள் அந்த முகத்தோடேயே புருஷன் வீட்டுக்குப் போவாள்.

சாயந்தரம் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனபோது, நான் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். சண்டைக்கு அப்புறம் பேசுகிற முதல் பேச்சு.

"யக்கா, நாந்தான். தண்ணி வந்துச்சா?"

பதில் வந்தது பாருங்கள். "வந்துச்சுமே! ஒன் டிரம்மு ரொம்பி வயியுது, அண்டா ரொம்பி வயியுது, பால் குண்டான்ல கூட புடிச்சி வெச்சிக்கீறேன். மாடிவூட்டுக்காரி ஆளில்லாத கொடம்னு வாயத் தொறந்தா. நாந்தான்டி அவளுக்கு ஆளுன்னேன், மூடிகினு போயிட்டா. நாளிக்கும் நிப்பேன். இத்த கேக்கவா மல மேலேர்ந்து போன் பண்ற? வெச்சிட்டு தூங்கு. இன்னொரு தபா போன் பண்ண, அத்தினி தண்ணியயும் ரோட்ல கொட்டிருவேன்!"

வைத்துவிட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக, பைத்தியம் மாதிரிச் சிரித்தேன். 'நாந்தான்டி அவளுக்கு ஆளு.' என் கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் என்னை எழுப்பியது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவும் எழுப்பவில்லை. கண் திறந்தேன், சுவரில் வெயில் விழுந்திருந்தது. கை கால் எல்லாம் கனமாக, அதே சமயம் லேசாக இருந்தது. தலையணையில் எச்சில் வழிந்திருந்தது, அசிங்கம். குழாயில் தண்ணீர் ஏறியிருக்கும், 'கடகட' என்றிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. மலை அதே மலை, கட்டில் அதே கட்டில், முந்தின நாள் அத்தனையும் இருந்தும் நான் திருவொற்றியூரில்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் ஊரைவிட்டு வந்திருந்தேன்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நீ கொறட்ட வுட்ட" என்றாள்.

"சும்மா சொல்லாதடி."

"அப்பாவ கேளு. சூப்பரா வுட்ட." சொல்லிவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் இரண்டு டீயோடு உள்ளே வந்து, "தூங்கினாலும் அய்வுறீங்க, தூங்காட்டியும் அய்வுறீங்க. இன்னா பேஜாரா போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மலையிலிருந்து ஒரு பலாப்பழம் வாங்கி வந்திருந்தோம். திரும்பிய அன்றே நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தது. பழத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"எப்டி இருந்துச்சு?"

"தானா முயிச்சுகினேன்க்கா."

அக்காவின் கை உளுந்துக்குள்ளேயே நின்றுவிட்டது. "தானாவா? யாரும் எய்ப்பாமயா?"

"வெயில் வந்தப்பறம்."

"ஹூம்" என்றது. தண்ணீரை வடித்தது, மறுபடி ஊற்றியது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீயும் போயிட்டு வாக்கா. எத்தினி நாளானாலும் சரி, ஒன் கொடத்துக்கு நா நிக்கிறேன்" என்றேன்.

"எனக்கு எந்த மலையும் வாணாம்மே" என்றது அக்கா. "ஒரே ஒரு நாளு நீ நில்லு. நா வூட்லயே தூங்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காதான் முதல் முறை. நான் எழுந்தேன். முதல் வேலையாகப் பம்பு கைப்பிடியின் மூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு, பழந்துணியைச் சுற்றினேன், 'கிர்ர்' என்ற சத்தம் வராமல் இருக்க. மற்ற கதவுகளை நகத்தால் சுரண்டி எழுப்பினேன். மாடிவீட்டுக்காரி "இன்னா விசயம்?" என்று குரலை உயர்த்தினாள். நான் முறைத்த முறைப்பில் அவளும் ஜாடையில் பேச ஆரம்பித்தாள். அக்காவின் டிரம், குடம், குண்டான் எல்லாவற்றையும் நிரப்பினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது, ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

விடிந்ததும் கடையில் அடுப்பு எரியவில்லை என்று ஒவ்வொருவராக வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். லாரி டிரைவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். நான் அக்கா வீட்டு வாசலிலேயே காவல் மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, இன்னிக்கி இட்லி இல்லியா?"

"இல்ல. மெதுவா பேசு. அக்கா ஊருக்குப் போயிக்கீது."

வெயில் பம்பு வரைக்கும் வந்து, பிறகு வாசற்படிக்கும் வந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அக்கா தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, கண் கூச வாசலில் நின்றது. வெயிலைப் பார்த்தது. நிரம்பி நிற்கிற டிரம்மைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

"யாருனா கேட்டாங்களா?"

"எல்லாரும் கேட்டாங்க. ஊருக்குப் போயிக்கீதுன்னு சொன்னேன்."

அக்கா படியில் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டது.

"ஆமாமே," என்றது. "இப்பதான் வரேன்."