விழுந்தவர் எழும்வரை

ஆட்டையாம்பட்டி பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் எங்கள் சேகோ மில் களத்தில் சண்டைக்காட்சி எடுக்க வந்த டைரக்டருக்குக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றாலும் உடம்போடுதான் திரும்புவார். கராத்தே கற்று, கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்தும் லாரியிலிருந்தும் விழுந்துகொண்டிருந்தவர். அது அவர் இயக்கிய முதல் படம்.

அவரிடம் ஒரு பழக்கம். அடிபட்டு விழும் ஸ்டண்ட்காரர் எழுந்து கையைத் தூக்கினால்தான் ‘கட்’ சொல்வார். மாவு மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்த ஒருவர் அன்று உடனே எழவில்லை. கதாநாயக நடிகர் குடைக்குக் கீழே போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஜவ்வரிசி காயவைக்கும் எங்கள் பெண்கள்கூட அசையாமல் நின்றார்கள். ஒருவழியாக விழுந்தவர் எழுந்து கையைத் தூக்கினார். “கட்!”

டைரக்டருக்கு டீ கொடுக்கும்போது கேட்டேன்: “ஏனுங்க, அவரு உழுந்த அப்பறமும் எதுக்குங்க கேமராவ ஓட்டறீங்க?”

உடம்போடு என் பக்கம் திரும்பினார். “கட்டுன்னு சொன்னா எல்லாரும் அடுத்த வேலையப் பாக்கப் போயிருவாங்க. கேமரா ஓடற வரைக்கும்தானுங்க அத்தன கண்ணும் உழுந்தவன் மேல இருக்கும்.”

படம் வந்ததும் சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். கதாநாயகன் அடித்துவிட்டு நடந்துபோன பிறகும் எங்கள் களம் திரையிலேயே நின்றது. விழுந்த அடியாள் மெல்ல எழுந்து, மாவைத் தட்டிவிட்டு, கையைத் தூக்கினான். கதைக்கு அது எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரர், “எந்திரிச்சிட்டான்டா சாமி” என்று மூச்சுவிட்டார்.