அரக்கு இழை

எங்கள் மகள் முதலில் பின்னோக்கித்தான் தவழ்ந்தாள். எதிரே கிடக்கும் பொம்மையை எடுக்கக் கையை ஊன்றி உந்துவாள். உடம்பு பின்னால் போகும். பொம்மை தூரமாகிக்கொண்டே போவதைப் பார்த்து அழுவாள். ஒன்பதாவது மாதத்தில் ஒரு காலை, ஒரு முழங்காலை மடக்கி மறுகாலின் பாதத்தால் தரையைத் தள்ளி, நொண்டியடிப்பதுபோல முன்னால் வந்துவிட்டாள். அதன்பிறகு விட்ட இடத்தில் அவள் இருந்ததே இல்லை.

அதே சமயத்தில் பல்லும் வரத் தொடங்கியது. கட்டில் காலைக் கடித்தாள், என் செருப்பைக் கடித்தாள், என் முட்டியைக் கடித்தாள். ஒரு நாள் முழுக்கச் சிரிப்பாள். மறுநாள் காரணமில்லாமல் கத்துவாள். எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எனக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணமாகிப் பதினைந்தாவது வருஷத்தில் பிறந்தவள் அவள். நான் பி.ஏ. முடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம்தான் என் வேலை இடம். மனைவி ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய லீவு முடிந்தபிறகு பகலில் குழந்தை என் பொறுப்பு.

எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் இடுப்பளவு பள்ளம் இருக்கும். அவள் தவழ்ந்த அன்றே பள்ளத்துக்குப் பலகை அடித்தேன். தறியைச் சுற்றி வலை கட்டினேன். ஊடு நூலை ஓட்டும், இரும்பு முனை வைத்த நாடாவைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். பிளக் ஓட்டைகளை எல்லாம் டேப் ஒட்டி அடைத்தேன். மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வீட்டையே ஜெயிலாக்கிட்டீங்க. இதுல கைதி அவளா, நீங்களா?”

பெரிய ஆபத்துகளை எல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன்.

அன்று பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசை, பிணைக்கிற நாள். பழைய பாவு தீரும் இடத்தில் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இதற்கென்றே எங்கள் தெருவுக்கு வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் முறுக்க, நான் எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்க வேண்டும். புதுப் பாவு அரக்கு நிறம். முந்தின நாளே பிணைக்கத் தொடங்கியிருந்ததால் தரையெங்கும் துண்டு இழைகள் கிடந்தன.

மார்கழி மாதம், தரை சில்லென்றிருந்தது. குழந்தையின் சாக்ஸில் ஒன்று தறியடியில் விழுந்து கிடந்தது. அதை எடுத்து உதறி, நான்தான் அவள் காலில் மாட்டினேன்.

பத்து மணிக்கு அழுகை ஆரம்பித்தது.

“இன்னாபா, கத்திக்கினே இருக்குது?” என்றார் அக்கா.

“பல்லுக்கா. கீழ் ஈறு தடிச்சிருக்குது.”

“அதானே பார்த்தேன். எம்பையன் பல்லு மொளைக்கிறப்ப என் தோளைக் கடிச்சி ரத்தமே வந்துச்சி. இப்ப பொண்டாட்டி முன்னால அந்த வாயத் தொறக்கச் சொல்லு பாப்போம்!”

நான் சிரித்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஈற்றைத் தடவினேன். அரிசி முனைபோல ஏதோ நெருடியது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் கடிக்கக் கொடுத்தேன், தூக்கி எறிந்தாள். டாக்டர் முன்பு எழுதிக் கொடுத்திருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். தூளியில் அரைமணி நேரம் தூங்கினாள். பிறகு வீறிட்டு எழுந்தாள்.

மதியம் கீழே விட்டபோது அவள் தவழவில்லை. உட்கார்ந்தபடி இடது காலை மட்டும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கோபத்தில் அடம்பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“படிச்ச ஆளுதானே, அந்தப் போனுல தட்டிப் பாரேன்பா, இம்மாம் நேரம் அழுவுமான்னு,” என்றார் அக்கா.

தட்டிப் பார்த்தேன். பல் முளைக்கும்போது குழந்தைகள் நாள்முழுக்க அழலாம் என்று போட்டிருந்தது. அக்காவிடம் அதைப் படித்தும் காட்டினேன். பாதிப் பாவு பிணைந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட நினைத்தேன். அவளை மடியில் வைத்துக்கொண்டே இழை எடுத்துக் கொடுத்தேன். அழுது அழுது அவள் குரல் கம்மிவிட்டது.

நாலரைக்கு மனைவி வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குழந்தையை வாங்கினாள். உடம்பு சுடுகிறதா என்று நெற்றி, வயிறு, கடைசியில் பாதம் பார்க்கச் சாக்ஸை உருவினாள்.

“என்னங்க இது?”

இடது காலின் நான்காவது விரல் நாவற்பழம்போல உப்பிக் கறுத்திருந்தது. அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம், மோதிரம் அழுத்தியதுபோல. அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.

அக்கா சாம்பல் கையோடு எழுந்து நின்றார்.

வண்டியில் போனோம். குழந்தைகள் டாக்டர் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“ஏதோ சுத்தியிருக்கு. முடியா, நூலா? பிள்ளை பெத்தவங்களுக்கு முடி கொட்டும், அது இப்படிச் சுத்திக்கிறது உண்டு. முடின்னா க்ரீம் தடவிக் கரைச்சுப் பார்க்கலாம். நூல்னா கரையாது, வெட்டணும். வீங்கிப் போச்சு, எனக்கு நிறம் தெரியல.”

மனைவியின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. உருவிய சாக்ஸ் அவள் மற்றொரு கையில் இருந்தது. அதை வாங்கி உள்பக்கம் புரட்டினேன். அரக்கு நிறத் துண்டுகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“பட்டு டாக்டர். எங்க வீட்டுப் பாவு.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

நான் காலைப் பிடித்துக்கொண்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் மெல்லிய கத்தரி முனையை உள்ளே விட்டு வெட்டி, இடுக்கியால் இழையை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். “வந்துடுச்சு,” என்றார்.

அந்த இழையைப் பார்த்தேன். ஒரு முனை நைந்து பிரிந்திருந்தது. அதில் சாம்பல் அழுக்கு. மறுமுனை கூராக இருந்தது, சற்றுமுன் வெட்டுப்பட்ட முனை.

“டாக்டர், இன்னும் உள்ள இருக்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இதுல ஒரு முனைதான் நைஞ்சது. ஒண்ணு நீங்க வெட்டினது. வெட்டினா ரெண்டு துண்டு ஆகணும். இன்னொரு துண்டு வரல.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு விளக்கை இழுத்து மறுபடி குனிந்தார். ரொம்ப நேரம் தேடினார். முதல் சுற்றுக்கும் கீழே, சதைக்குள் புதைந்து இரண்டாவது சுற்று இருந்தது. அதை எடுத்தபோது ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

அழுகை உடனே நிற்கவில்லை. விக்கல்போல இடைவெளி விட்டு விட்டுக் குறைந்தது. டாக்டர் விரல் நுனியை அழுத்தி விட்டார். வெளுத்தது, சிவப்பு திரும்பவில்லை. பத்து நிமிஷம் கழித்து மீண்டும் அழுத்தினார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, வெளுத்த இடத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது.

“விரல் தப்பிச்சிடும்னு நினைக்கிறேன். நிறம் பார்த்துக்கிட்டே இருங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா...” என்று சொல்லி, கையுறையைக் கழற்றினார்.

மறுநாள் காலை மற்ற விரல்களின் நிறத்துக்கு அது வந்திருந்தது. மிச்சப் பாவைப் பிணைக்க வந்த அக்கா உட்காருமுன் துடைப்பத்தை எடுத்துக் கூடம் முழுக்கப் பெருக்கினார். “நானும் பல்லுன்னுதானேபா சொன்னேன்,” என்றார்.

நான்காம் நாள் கஞ்சி ஊட்டும்போது கரண்டியில் டிங்கென்று சத்தம் கேட்டது. கீழ்ப் பல் வந்திருந்தது. மனைவி இன்னொரு தடவை தட்டிக் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது பொய்யில்லை, பல்லும் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் அதற்கு மேல் நான் தேடவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் கைபட்டதும் தெரியும் எனக்கு. என் மடியிலேயே இருந்த காலில் கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

விரலின் அடியில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. வளர வளர மறையும் என்கிறார் டாக்டர். வீட்டில் சாக்ஸ் போடுவதை விட்டுவிட்டோம். அவள் எப்போது அழுதாலும் முதலில் நான் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன், பிறகு கை விரல்களை. பசியென்று தெரிந்தாலும் பார்க்கிறேன்.

இப்போது அவளுக்கு அது பழகிவிட்டது. போன வாரம் கட்டில் காலில் தலையை இடித்துக்கொண்டு அழுதாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். நெற்றி புடைத்திருந்தது. அவளோ, அழுகையை நிறுத்தாமலே, இடது காலை என் பக்கம் நீட்டினாள்.