வலப்பக்கக் கன்னம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய கிழமை அது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடியில் கவனித்தேன், என் வலப்பக்கக் கன்னம் தாடைக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. நோவு இல்லை. ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு வேறு ஆட்களின் முகம் போல இருந்தன.

இருபத்தைந்து வருடம் சிகரெட் பத்தினவன் நான். அப்போது விட்டு நாலு வருடம்தான். வேறு என்ன நினைப்பு வரும்? புற்றுநோய்தான் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் ஓர் இளம் பெண். தொட்டுப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், ஸ்கான் எடுக்க அனுப்பினார். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், டொக்டரின் அறைக்குள்ளிருந்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். நான் இல்லாத நேரத்தில் இவளுக்கு உள்ளே என்ன கதை? கேட்டேன். சும்மாதான் என்றாள். ஸ்கானைப் பார்த்த டொக்டரும் சிரித்த முகத்தோடு, பயப்பட ஒன்றுமில்லை, தசைதான் பருத்திருக்கிறது, கடினமானது ஒன்றும் சப்பாமல் ஒரு மாதத்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நான் நம்பவில்லை. என் அண்ணைக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தபோது, டொக்டரை ஒரு பக்கம் கூப்பிட்டு, "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மனுசன் உடைஞ்சுபோவார்" என்று கெஞ்சியவன் நான்தான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதானே. அல்சர் என்று சொன்னோம். கடைசி வரைக்கும் அல்சர்தான். இப்போது அதே நாடகத்தை எனக்கு ஆடுகிறார்கள் என்று தோன்றியது.

வீட்டில் சோறு குழைந்து வந்தது. அண்ணைக்கும் குழைசோறுதான் கொடுத்தோம். கிழமைக்கு ஒருக்கால் கதைக்கும் கனடாவில் இருக்கும் மகள் தினமும் போன் எடுத்தாள். ஞாயிறு ஆராதனை முடிய போதகர் வீட்டுக்கு வந்து, என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். கேட்டால், ஏதோ கூட்டத்துக்கு வான் வாடகை பேச வந்தாராம். யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறார்கள்? மனைவி போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் நானும் வாளியோடு பின்னால் போவேன். உடனே கதையை நிறுத்துவாள். சாகப் பயந்தேன். அதைவிட, எனக்கு மட்டும் தெரியாமல் சாகப் பயந்தேன்.

பதினைந்து நாள் தாங்கினேன். பிறகு ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரின் முன்னால் இருந்தேன்.

"மறைச்சது போதும் டொக்டர். எத்தினை மாதம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கோபிக்கவில்லை. என் கைகளையே இரண்டு கன்னத்திலும் வைத்து, பல்லை இறுக்கிக் கடிக்கச் சொன்னார். வலப்பக்கம் உருண்டு கல்லாக நின்றது. பல்லை விட்டதும் இளகியது. கெட்ட கட்டி இப்படி இறுகி இளகாது என்றார். என்ன சப்புகிறீர்கள் என்று விசாரித்தார். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் புழுக்கொடியலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சப்புவேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைப்பது, விறகு மாதிரி இருக்கும். இடப்பக்கக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி வருடக்கணக்கு. எல்லாச் சப்பலும் வலப்பக்கத்தால்.

"புதுசா ஒண்டும் முளைக்கேல்லை ஐயா. வேலை கூடின பக்கம், இருந்த தசை இழைதான் பருத்திருக்கு. வேலையில்லாத பக்கம் மெலிஞ்சுபோச்சு, கட்டுப்போட்ட கால் மெலியிறது போல. அதுதான் வித்தியாசம் இவ்வளவு தெரியுது" என்றார்.

எனக்கு அப்போதும் சந்தேகம் விடவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு என் மனைவியோடு தனியாக என்ன கதை என்று கேட்டேன். டொக்டர் கொஞ்சம் யோசித்தார். நித்திரையில் பல்லை நெரிக்கிற பழக்கம் இருந்தாலும் தசை இப்படிப் பருக்கும், அதைப் பக்கத்தில் படுக்கிறவரிடம்தானே கேட்க வேண்டும் என்றார்.

"தமையன் செத்த நாளிலயிருந்து நெரிக்கிறார் எண்டு உங்கட மனுசி சொன்னவா. போகேக்கை ஒண்டு கேட்டவா. கெட்டது ஏதும் இருந்தா முதல் அவருக்குச் சொல்லுங்கோ, எங்களுக்குப் பிறகு சொல்லலாம் எண்டு."

வானுக்குள் வந்து இருந்து அழுதேன். பதினைந்து நாளாக அவளை ஒரு கள்ளியைப் போலப் பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் மகளோடு என்ன கதைத்தாய் என்று பிறகு கேட்டேன். இந்த மனுசன் நான் சொன்னால் நம்புகிறார் இல்லை, நீயாவது சொல்லு என்றுதானாம்.

புழுக்கொடியலை விட்டுவிட்டேன். கன்னமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் இன்றைக்கும் என்னை விடாத நினைப்பு ஒன்று உண்டு. நான் பதினைந்து நாள் பட்டதை அண்ணை எட்டு மாதம் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பட்டிருப்பார். என் சந்தேகம் பிழை என்று சொல்ல எனக்கு ஆள் இருந்தது, அவருடைய சந்தேகம் சரி என்று சொல்ல அவருக்கு நான்கூட இருக்கவில்லை.